பெருவெடிப்பு: எதுவரை கணக்கு, எங்கிருந்து ஊகம்?

இரவுவிழி:

மூன்று மாதமாக அண்டவியல் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரு காணொளியில் கறுப்புத் திரை, நடுவில் ஒரு புள்ளி, அப்புறம் டமார் என்று வெடித்து நாலாபுறமும் தீப்பொறி. அடுத்த காணொளியில் ஒருவர் வந்து, அது வெடிப்பே இல்லை என்கிறார். அப்படியானால் அது என்ன என்று சொல்வதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது.

எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது இதுதான். பெருவெடிப்பு எங்கே நடந்தது? 1380 கோடி ஆண்டு என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? முதல் நொடியில் இது நடந்தது, மூன்றாம் நிமிடத்தில் அது நடந்தது என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் போல எழுதுகிறார்களே, அதில் எவ்வளவு அளந்து பார்த்தது, எவ்வளவு சொந்தக் கற்பனை? பெருக்கல் வகுத்தல் வரைக்கும் எனக்குப் பயமில்லை. அதற்கு மேல் போனால் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

கணக்கன்:

முதலில் அந்தப் பெயரைப் பார்த்துவிடுவோம். 'பிக் பேங்' என்று சொன்னவர் ஃபிரெட் ஹாயில், 1949-ல் ஒரு பிபிசி வானொலி உரையில். வேடிக்கை என்னவென்றால் அவர் இந்தக் கருத்துக்கே எதிரி. பிரபஞ்சம் என்றைக்கும் இப்படியேதான் இருந்தது, விரிய விரிய இடைவெளியில் புதுப் பொருள் உண்டாகிக்கொண்டே இருக்கிறது என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சிக்காரர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. அதில் இருக்கும் 'வெடிப்பு' இன்றுவரை எல்லோரையும் குழப்பிக்கொண்டிருக்கிறது.

எங்கே நடந்தது என்பதற்கு ஒரு ரப்பர் பட்டை போதும். அதில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் க, ச, ட, த என்று நான்கு புள்ளி வையுங்கள். ஒரு நொடியில் அதை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுங்கள். 'க'வில் உட்கார்ந்து பார்த்தால் 'ச' 1-லிருந்து 2-க்குப் போயிருக்கும், 'ட' 2-லிருந்து 4-க்கு, 'த' 3-லிருந்து 6-க்கு. அதாவது அதே ஒரு நொடியில் பக்கத்துப் புள்ளி 1 செ.மீ. விலகியது, தூரத்துப் புள்ளி 3 செ.மீ. விலகியது. தூரம் எவ்வளவோ அவ்வளவு வேகம். இப்போது 'ட'வில் போய் உட்காருங்கள். அங்கிருந்தும் அதே கதைதான். எந்தப் புள்ளியும் தன்னை நடுவாக நினைத்துக்கொள்ளலாம், எதுவும் நடு இல்லை. ரப்பருக்கு இரண்டு முனை உண்டு. பிரபஞ்சத்துக்கு அப்படி ஒரு முனை இருப்பதாக எந்த அளவீடும் காட்டவில்லை. உவமை அந்த இடத்தில் நின்றுவிடும்.

ஆகவே பெருவெடிப்பு ஏதோ ஒரு மூலையில் நடந்து அங்கிருந்து துண்டுகள் பறந்து வந்த கதை இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் உட்பட எல்லா இடமும் ஒரு காலத்தில் கொதிக்கக் கொதிக்க நெருக்கமாக இருந்தது. அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள்.

இதன் வரலாறு பலர் கைமாறியது. 1912 முதல் வெஸ்டோ ஸ்லைஃபர் சுருள் வடிவத் திரள்களின் (இன்று கேலக்ஸி என்கிறோம்) ஒளியைப் பிரித்துப் பார்த்து, பெரும்பாலானவற்றின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டார், அது அவை விலகிப் போவதன் அடையாளம். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே விரியும் பிரபஞ்சத்தைத் தருகின்றன என்று 1922-ல் ஃபிரீட்மனும், 1927-ல் லெமேத்ரும் எழுதினார்கள். லெமேத்ர் கத்தோலிக்கப் பாதிரியார், அதோடு கைதேர்ந்த கணித இயற்பியலாளர். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டு 1929-ல் எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தவர் ஹபிள்.

வயதுக் கணக்கு எளிது. 32.6 லட்சம் ஒளியாண்டு, அதாவது ஒரு மெகாபார்செக் தூரத்தில் இருக்கும் கேலக்ஸி நொடிக்கு ஏறக்குறைய 70 கி.மீ. வேகத்தில் விலகுகிறது. தூரத்தை வேகத்தால் வகுங்கள். 1400 கோடி ஆண்டு வரும். விரிவு வேகம் இடையில் கூடிக் குறைந்ததையும் சேர்த்துத் துல்லியமாகப் போட்டால் 1380 கோடி.

ஒரு சுவாரசியம். ஹபிளுக்குக் கிடைத்த எண் 70 இல்லை, 500! அதை வைத்து வகுத்தால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுதான். பூமிக்கே 450 கோடி. அம்மாவை விடப் பிள்ளைக்கு வயது கூடுதல். ஹாயிலின் கட்சிக்கு ஆள் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தூரத்தை அளக்கப் பயன்படுத்திய, பிரகாசம் சீராகக் கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு என்று 1952-ல் வால்டர் பாடே கண்டுபிடித்ததும் தூரமெல்லாம் ஒரே அடியாக இரட்டிப்பானது. அதன் பிறகும் பல திருத்தங்கள் வந்தன.

வால்நட்சத்திரம்:

ஆக நான்தான் பிரபஞ்சத்தின் நடு என்று சொல்லிக்கொள்ள இனி எனக்கு முழு உரிமை உண்டு. வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அது இருக்கட்டும் அண்ணே, எல்லாம் விலகுகிறது என்றால் ஆண்ட்ரோமெடா மட்டும் ஏன் நம்மை நோக்கி வருகிறது? ஸ்லைஃபர் 1912-ல் முதலில் அளந்ததே அதைத்தானே?

கணக்கன்:

நல்ல கிடுக்கிப்பிடி. ஆண்ட்ரோமெடாவும் நம் பால்வீதியும் ஈர்ப்பால் கட்டுண்டவை. கட்டுண்ட பொருள்களை விரிவு பிரிக்காது. அது நொடிக்கு ஏறக்குறைய 110 கி.மீ. வேகத்தில் நம் பால்வீதியை நெருங்குகிறது. விரிவு என்பது கேலக்ஸிக் கூட்டங்களுக்கு இடைப்பட்ட பெரும் தூரங்களில்தான் தெரியும். உங்கள் நாற்காலி விரியவில்லை, சூரியக் குடும்பமும் விரியவில்லை.

சந்தேகப்பிராணி:

எல்லாம் சரி. சிவப்பு நகர்வு தெரிகிறது, அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விரிவுதான் காரணம் என்று யார் சொன்னது? கோடிக்கணக்கான ஆண்டு பயணத்தில் ஒளி களைத்துப்போய் ஆற்றலை இழக்கலாமே. ஸ்விக்கி என்ற வானியலாளர் 1929-லேயே அப்படிச் சொன்னார். அவர் சாதாரண ஆள் இல்லை. இன்னொன்று, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்த பிறகு இந்தக் கோட்பாடே ஆட்டம் கண்டுவிட்டது என்று படித்தேன். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

நுண்ணலை:

வெப் பற்றிப் பிறகு. களைத்த ஒளியை முதலில் முடிப்போம்.

ஒளி வெறுமனே களைத்தால் நிறம் மட்டும் மாறும், நேரம் மாறாது. விரிவு என்றால் நேரமும் நீள வேண்டும். 1ஏ வகை சூப்பர்நோவா, அதாவது வெடிக்கும் விண்மீன், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே கால அளவில் ஒளிர்ந்து மங்கும். அலைநீளம் ஒன்றரை மடங்கு நீண்டு வரும் தூரத்தில் இருக்கும் சூப்பர்நோவாவைப் பார்த்தால், அது மங்குவதற்கும் ஒன்றரை மடங்கு நாள் பிடிக்கிறது. 1990-களிலிருந்து இதைத் திரும்பத் திரும்ப அளந்துவிட்டார்கள். களைத்த ஒளி அங்கேயே படுத்துவிட்டது.

ஆனால் பெருவெடிப்பின் பெரிய சாட்சி அது இல்லை. என் பெயருக்கே காரணமான நுண்ணலைதான்.

1964. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில் பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆன்டெனா. எக்கோ என்ற செயற்கைக்கோளுக்காகக் கட்டியது. ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் அதை வானியலுக்குப் பயன்படுத்த நினைத்து, முதலில் அதன் சொந்த இரைச்சலை அளந்தார்கள். கணக்குப்படி வர வேண்டியதை விட 3.5 கெல்வின் கூடுதலாக வந்தது (இந்த இரைச்சலை வெப்பநிலையாகவே சொல்வார்கள்). எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே, இரவோ பகலோ அதே, எந்தப் பருவத்திலும் அதே. உள்ளே புறாக்கள் கூடு கட்டியிருந்தன. அவற்றைப் பிடித்து வெளியே அனுப்பி, எச்சத்தைச் சுரண்டி, மூட்டுகளில் அலுமினியப் பட்டை ஒட்டிப் பார்த்தார்கள். இரைச்சல் அசையவில்லை.

அறுபது கிலோமீட்டருக்குள் பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு, தொடக்கச் சூட்டின் மிச்சமான இதே கதிர்வீச்சைத் தேடவே ஒரு கருவி கட்டிக்கொண்டிருந்தது. தொலைபேசி போனது. டிக்கி பேசி முடித்துவிட்டு, நம்மை முந்திவிட்டார்கள் என்று தன் குழுவிடம் சொன்னார். 1965-ல் இரண்டு கட்டுரைகளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. பென்சியாஸும் வில்சனும் எழுதியது இரண்டு பக்கத்துக்கும் குறைவு, அதில் பிரபஞ்சத்தின் தோற்றம் பற்றி அவர்கள் ஒன்றும் பேசவில்லை, கூடுதல் வெப்பநிலை இவ்வளவு என்பதோடு சரி. 1978-ல் நோபல் பரிசு.

எனக்கு மனசு கேட்காத இடம் ஒன்று உண்டு. ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948-லேயே, தொடக்கச் சூட்டின் மிச்சம் இப்போது 5 கெல்வின் அளவில் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். யாரும் தேடிப் போகவில்லை. இன்னும் பின்னால், 1941-ல் ஆண்ட்ரூ மெக்கெல்லர் விண்மீன் இடைவெளியில் இருக்கும் சயனோஜென் மூலக்கூறுகள் 2.3 கெல்வின் சூட்டில் இருப்பதைக் கண்டார். சூடேற்றியது எது என்று அவருக்குத் தெரியவில்லை. விடை கையில் இருந்தது, கேள்வி வந்து சேர இருபத்து நான்கு ஆண்டு ஆனது.

சந்தேகப்பிராணி, உங்களுக்காகவே ஒன்று. 1990 ஜனவரியில் கோபி செயற்கைக்கோள் அளந்த நிறமாலையை ஜான் மாதர் ஒரு கூட்டத்தில் திரையில் காட்டினார். அளவுப் புள்ளிகள் எல்லாம், ஒரே சூட்டில் இருக்கும் பொருளின் ஒளிக்கு உரிய கரும்பொருள் வளைகோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தன. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. (வெப்பக் கதிர்வீச்சுப் பாடத்தில் வரும் கரும்பொருளைச் சொல்கிறேன், கண்ணுக்குத் தெரியாத அந்த இருண்ட பொருள் வேறு.) அந்த வளைகோட்டின் வெப்பநிலை 2.725 கெல்வின். இப்படிச் சுத்தமான வடிவம் அடர்ந்து, சூடாகி, எல்லாம் ஒரே வெப்பநிலையில் கலந்திருந்த ஒன்றிலிருந்துதான் வரும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் விண்மீன் ஒளியைக் கலந்தால் வராது. ஹாயிலின் கட்சி இதற்குப் பதில் தேடித் தேடி ஓய்ந்தது.

இரவுவிழி:

இதைப் படித்து ஒரு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது சந்தேகம். இந்த ஒளி 3.8 லட்சம் ஆண்டு ஆனபோது கிளம்பியது என்கிறார்கள். அதற்கு முன் ஏன் கிளம்பவில்லை? அப்புறம், ஒரு தடவை கிளம்பிய ஒளி ஒரு தடவை நம்மைக் கடந்து போயிருக்க வேண்டுமே. இன்றைக்கும் நாளைக்கும் எப்படி வந்துகொண்டே இருக்கிறது?

நுண்ணலை:

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லா இடத்திலிருந்தும் ஒளி கிளம்பியது. பக்கத்து இடத்தில் கிளம்பியது எப்போதோ நம்மைக் கடந்துவிட்டது. இன்று வந்து சேர்வது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் நம்மைச் சுற்றி இருந்த கோள வடிவ ஓட்டிலிருந்து கிளம்பியது. நாளை வருவது அதைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டிலிருந்து. பெரிய மைதானம் முழுக்கக் கூட்டம், எல்லோரும் ஒரே நொடியில் ஒருமுறை கத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர் குரல் உடனே கேட்கும், தள்ளி நிற்பவர் குரல் அடுத்த நொடி. மைதானம் முடியும் வரை சத்தம் ஓயாது.

அந்த ஓடு அன்று நம்மிடமிருந்து 4.2 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் இடைவெளி நீண்டுகொண்டே போனதால் ஒளி வந்து சேர 1380 கோடி ஆண்டு ஆனது. அதே இடம் இப்போது 4600 கோடி ஒளியாண்டுக்கு அருகில் இருக்கிறது. ஏறக்குறைய 1100 மடங்கு. அலைநீளமும் அதே 1100 மடங்கு நீண்டது, அதனால்தான் 3000 கெல்வின் ஒளி 2.7 கெல்வின் நுண்ணலையாக வருகிறது. மூன்று எண்ணும் ஒரே கயிற்றில் கட்டியவை.

இப்போது முதல் கேள்வி. எலக்ட்ரான்கள் தனியாகத் திரியும்போது ஒளி நாலடி போவதற்குள் ஏதாவது ஒன்றில் மோதித் திரும்பும். மூடுபனி போல. எலக்ட்ரான்கள் புரோட்டான்களோடு சேர்ந்து ஹைட்ரஜன் அணுவானதும் பனி விலகியது. நியாயமாகப் பார்த்தால் இது 3000 கெல்வினுக்கு வெகு முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். ஹைட்ரஜனை உடைக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், அது ஒன்றரை லட்சம் கெல்வினுக்குச் சமம். சூடு அதற்குக் கீழே இறங்கியதும் அணு பிழைத்திருக்கலாமே?

பிழைக்கவில்லை. காரணம், கூட்டம். ஒரு புரோட்டானுக்கோ நியூட்ரானுக்கோ 160 கோடி ஒளித்துகள் என்ற விகிதம். இன்றும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அந்தப் பழைய ஒளித்துகள் 411 இருக்கிறது. புரோட்டானோ சராசரியாக 4 கன மீட்டருக்கு ஒன்று. சராசரி ஒளித்துகளுக்கு அணுவை உடைக்கும் பலம் இல்லாமல் போகலாம். 160 கோடிப் பேரில் நாலைந்து முரடன் இருந்தால் போதுமே. அந்த முரடர்களும் அடங்கும்போது சூடு 3000 கெல்வினுக்கு இறங்கியிருந்தது.

கணக்கன்:

நுண்ணலை சொன்ன அதே முரடர்கள்தான் மூன்றாம் நிமிடக் கதையிலும் வில்லன். இரவுவிழி பெருக்கல் வகுத்தல் கேட்டாரே, இதோ.

முதல் நொடி வாக்கில் சூடு 1000 கோடி கெல்வின். நியூட்ரான் புரோட்டானாகவும் புரோட்டான் நியூட்ரானாகவும் மாறிக்கொண்டே இருக்கும். நியூட்ரான் கொஞ்சம் எடை கூடியது, அதனால் சூடு இறங்க இறங்க அதன் எண்ணிக்கை குறையும். ஒரு கட்டத்தில் விரிவின் வேகத்துக்கு இந்த மாற்றம் ஈடுகொடுக்க முடியாமல் நின்றுபோகிறது. அப்போது 6 புரோட்டானுக்கு 1 நியூட்ரான்.

இனி இரண்டும் ஒட்டி டியூட்டீரியம் ஆக வேண்டும், அப்புறம்தான் ஹீலியம். ஆனால் டியூட்டீரியத்தின் பிடிப்பு மிகவும் தளர்வு, ஒட்டிய மறுகணம் ஏதாவது ஒரு முரட்டு ஒளித்துகள் வந்து உடைத்துவிடும். சூடு 100 கோடி கெல்வினுக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குச் சில நிமிடம். தனி நியூட்ரானின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 880 நொடி, ஆகவே காத்திருக்கும்போதே சில சிதைந்துவிடுகின்றன. விகிதம் 7-க்கு 1 ஆகிறது.

அதாவது 14 புரோட்டான், 2 நியூட்ரான். தடை நீங்கியதும் கிடைத்த நியூட்ரான் எல்லாம் ஹீலியத்துக்குள் போய்விடும். 2 நியூட்ரானும் 2 புரோட்டானும் சேர்ந்து ஒரு ஹீலியம், எடை 4. மிச்சம் 12 புரோட்டான், எடை 12. மொத்தம் 16-ல் 4. கால் பங்கு.

இனி அளவீட்டுக்கு வாருங்கள். விண்மீன்கள் அதிகம் சமைக்காத, கனமான தனிமங்கள் குறைந்த கேலக்ஸிகளின் வாயுவைப் பார்த்தால் எடையில் ஹீலியம் 24, 25 சதவீதத்துக்குக் கீழே எங்கும் இறங்குவதில்லை. விண்மீன்களால் மட்டும் இவ்வளவு ஹீலியத்தைத் தயாரிக்க முடியாது. பக்கத்தில் நின்று யாரும் பார்க்கவில்லைதான், ஆனால் அந்த அடுப்பின் சாம்பலை அளந்திருக்கிறோம்.

எடை 5-லும் 8-லும் நிலையான அணுக்கரு கிடையாது. அதனால் ஹீலியத்துக்கு மேல் படியேற முடியாமல், துளி லித்தியத்தோடு இந்த வேலை நின்றுவிடுகிறது. கார்பனும் ஆக்சிஜனும் விண்மீன்களுக்குள் வந்தவை. அதைக் கணக்கிட்டு நிறுவியவர்களில் முக்கியமானவர், அதே ஃபிரெட் ஹாயில்.

சந்தேகப்பிராணி:

ஹீலியம் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். மறுக்க முடியவில்லை, எரிச்சலாக இருக்கிறது. ஆனால் லித்தியத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே? அதில்தான் கணக்கு உதைக்கிறது. வெப் பற்றியும் பதில் பாக்கி.

நுண்ணலை:

லித்தியம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பழைய விண்மீன்களின் மேற்பரப்பில் அளந்தால் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. விண்மீனே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். முடிந்த வழக்கு இல்லை.

வெப் கதை வேறு. 2024-ல் அறிவிக்கப்பட்ட ஒரு கேலக்ஸி, பிரபஞ்சத்துக்கு 30 கோடி வயதுகூட ஆகாதபோது இருந்தது. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பிரகாசமாக விண்மீன்கள் எப்படி உருவாயின என்பது நிஜமான கேள்வி. ஆனால் அது கேலக்ஸிகள் வளரும் விதம் பற்றிய கேள்வி. அதனால் ஹீலியமும் 2.725-ம் மாறப்போவதில்லை. சிலவற்றின் ஒளியில் ஒரு பங்கு, நடுவில் இருக்கும் கருந்துளையைச் சுற்றிச் சூடான வாயுவிலிருந்து வந்தது, அதையும் விண்மீன் கணக்கில் சேர்த்ததால்தான் எடை கூடுதலாகத் தெரிந்தது என்று பிறகு தெரிந்தது. கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு சுவர் கோணலாக இருக்கிறது என்பதும் அஸ்திவாரமே இல்லை என்பதும் ஒன்றா?

உங்களுக்கு உண்மையிலேயே சண்டை பிடிக்க இடம் வேண்டுமென்றால் விரிவு வேகத்துக்கு வாருங்கள். கணக்கன் 70 என்று சொன்ன எண், பிளாங்க் செயற்கைக்கோள் அளந்த நுண்ணலையை வைத்துக் கணக்கிட்டால் 67.4 வருகிறது. செஃபீட், சூப்பர்நோவா வழியில் நேரடியாக அளந்தால் 73. இரண்டு பக்கமும் பிழை வரம்பு சிறியது, எண்கள் ஒன்றையொன்று தொடவில்லை. பத்து ஆண்டுக்கு மேலாக இந்த இழுபறி. போதாததற்கு, டெசி என்ற கேலக்ஸிக் கணக்கெடுப்பு 2024-லும் 2025-லும் தந்த முடிவுகளில், விரிவை வேகப்படுத்தும், மாறவே மாறாது என்று நினைத்த இருண்ட ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகிறதோ என்ற சாயல் தெரிகிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தேவையான உறுதி இன்னும் வரவில்லை. நான் ஆவலோடு காத்திருப்பது இதற்குத்தான்.

வால்நட்சத்திரம்:

தொடக்கத்தில் ஒலி இருந்ததாக எங்கோ படித்தேன். வெற்றிடத்தில் ஏது ஒலி?

நுண்ணலை:

அப்போது வெற்றிடமே இல்லை. ஒளியும் எலக்ட்ரானும் புரோட்டானும் கலந்த கெட்டியான கூழ் எங்கும் நிறைந்திருந்தது. எங்காவது கொஞ்சம் அடர்த்தி கூடினால் ஈர்ப்பு உள்ளே இழுக்கும், ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளும். இழு, தள்ளு, இழு, தள்ளு. அழுத்தத்தில் எழும் அலைதானே ஒலி. ஒளி வேகத்தில் பாதிக்கு மேல் ஓடிய ஒலி. பனி விலகிய நொடியில் ஒளி கழன்றுகொண்டது, அலை அந்தந்த இடத்தில் அப்படியே உறைந்தது. அந்த உறைந்த தடம்தான் பிளாங்க் வரைபடத்தில் லட்சத்தில் ஒரு பங்கு சூட்டு வித்தியாசமாகத் தெரியும் திட்டுகள். பெரிய திட்டு ஏறக்குறைய ஒரு பாகை அகலம், முழுநிலவைப் போல இரண்டு மடங்கு.

இதே தடம் கேலக்ஸிகளின் பரவலிலும் இருக்கிறது. ஏறக்குறைய 50 கோடி ஒளியாண்டு இடைவெளியில் கேலக்ஸி ஜோடிகள் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கின்றன. 2005-ல் இரண்டு குழுக்கள் இதைக் கண்டன. அலை உறைந்தபோது அந்தத் தூரம் நாலரை லட்சம் ஒளியாண்டு.

சந்தேகப்பிராணி:

மாட்டிக்கொண்டீர்கள்! 3.8 லட்சம் ஆண்டில், ஒளியைவிட மெதுவான ஒலி, நாலரை லட்சம் ஒளியாண்டு போனதா?

நுண்ணலை:

இந்த இழையிலேயே சிறந்த கேள்வி இதுதான். கடந்து வந்த பாதையும் விரிகிறது. இழுபடும் ரப்பரில் ஓர் எறும்பு நடந்தால், அது நடந்து முடித்த பகுதியும் நீண்டுகொண்டே இருக்கும் அல்லவா? கிளம்பிய இடத்திலிருந்து அதன் தூரம், அது உண்மையில் எடுத்துவைத்த அடிகளை விட எப்போதும் அதிகம்.

கணக்கன்:

இருண்ட பொருளுக்கும் இங்கே வலுவான சாட்சி இருக்கிறது. அது ஒளியோடு மோதாது, ஆகவே இழு-தள்ளு ஆட்டத்தில் இழு பக்கம் மட்டும் நிற்கும். அலைகளின் உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் பங்கு தனியாகத் தெரிந்துவிடுகிறது. சாதாரணப் பொருள் 5 சதவீதம், இருண்ட பொருள் 27, இருண்ட ஆற்றல் 68. அந்த 27 என்ன துகள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இரவுவிழி:

கேட்கவில்லை. முதல் நொடிக்கு முன்னால் என்ன என்று கேட்கிறேன்.

நுண்ணலை:

கொஞ்சம் கொஞ்சமாகக் கால் வைப்போம். முதல் சில மைக்ரோநொடிகளில் புரோட்டானே கிடையாது, அதன் உட்துகள்களான குவார்க்கும் குளுவானும் கலந்த குழம்பு. இதை செர்ன் போன்ற ஆய்வகங்களில் கன அணுக்கருக்களை மோதவிட்டுச் சிறு துளியாக உண்டாக்கிப் பார்த்துவிட்டார்கள். இன்னும் பின்னால், ஒரு நொடியை லட்சம் கோடியால் வகுத்தால் வரும் நேரம் வரை, அப்போதைய ஆற்றல் நம் மோதுகருவிகள் தொட்ட ஆற்றல்தான். பிரபஞ்சத்தை நேரில் பார்க்கவில்லை என்றாலும் அங்கே செல்லும் விதிகள் தெரியும். அதற்கும் முன்னால் ஆய்வகத்தின் உதவி கிடையாது.

அங்கேதான் இன்ஃப்ளேஷன் வருகிறது, திடீர் வீக்கம். வானத்தின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் லட்சத்தில் ஒரு பங்கு வரை ஒரே சூடு. ஆனால் சாதாரண விரிவை மட்டும் வைத்துக்கொண்டால், பனி விலகிய நேரத்தில் இரண்டு பாகைக்கு அப்பால் இருந்த இடங்கள் ஒன்றையொன்று தொட்டதே இல்லை. ஒருவரையொருவர் பார்க்காத மாணவர்கள் ஒரே விடைத்தாளை எழுதியது போல. ஸ்டாரோபின்ஸ்கி, ஆலன் கூத், லிண்டே ஆகியோர் 1980 வாக்கில் சொன்ன வழி: மிகத் தொடக்கத்தில், கண் இமைக்கும் நேரத்தில் கோடியில் கோடி பங்குகூட இல்லாத நேரத்தில், ஒரு சின்னப் பகுதி ஒன்றுக்குப் பின் 26 சுழியம் போட்ட மடங்கு அளவாவது வீங்கியது. வீங்குவதற்கு முன் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, சூடு சமமாகிவிட்டது. அந்த வீக்கத்தில் பெரிதான குவாண்டம் நடுக்கங்களே பிற்பாடு ஒலியலைக்கு விதை, பிற்பாடு கேலக்ஸிகளுக்கும் விதை.

இதன் கணிப்புகள் சில பொருந்துகின்றன. ஆனால் நேரடி முத்திரை என்று சொல்லத்தக்க ஈர்ப்பலைத் தடம் கிடைக்கவில்லை. 2014 மார்ச்சில் தென் துருவத்தில் இருந்த பைசெப்2 குழு கிடைத்துவிட்டது என்று அறிவித்தது, அடுத்த ஆண்டுக்குள் அது பெரும்பாலும் நம் கேலக்ஸியின் தூசு என்று தெரிந்தது. என்னைக் கேட்டால் இன்ஃப்ளேஷன் நல்ல ஊகம், ஹீலியம் கணக்கு போல உறுதியானது இல்லை. இரண்டையும் ஒரே குரலில் சொல்லும் காணொளிகள் மேல்தான் எனக்குக் கோபம். சுழியாம் நொடி என்பதோ, சமன்பாடு முறியும் இடத்தைத் தாண்டியும் கோட்டை நீட்டினால் வரும் புள்ளி. அப்படி ஒரு கணம் இருந்ததா என்பதே திறந்த கேள்வி.

இரவுவிழி:

நேற்று இரவு கணக்கன் சாரின் கணக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நியூட்ரான் சிதையாமலே இருந்தால் 6-க்கு 1, அதாவது 14-ல் 4, ஹீலியம் 28.6 சதவீதம். 1-க்கு 1 என்று இருந்திருந்தால் எல்லாமே ஹீலியம், ஹைட்ரஜனே மிஞ்சாது. அப்படியானால் தண்ணீர் ஏது?

சந்தேகப்பிராணி:

நானும் போட்டேன். எனக்கு முதலில் 33 வந்தது. 12-ஆல் வகுத்துவிட்டேன், மொத்தம் 14 என்பதை மறந்துவிட்டேன். இப்போது சரி. லித்தியம் மட்டும் இன்னும் நெருடுகிறது, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.